பினாங்கிலிருந்து பூட்டிய கோயில்

பினாங்கில் உட்கார்ந்தபடியே காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றை இழுத்துப் பூட்டியவன் நான். அதற்குத் தேவைப்பட்டது ஒரு சிவப்பு மைப் பேனாவும் இரண்டு நிமிடமும்தான்.

அறுபதுகளில் வந்த ஒரு பொதுத்தேர்தலுக்கு முந்திய மாதம் அது. நான் அங்கே ஒரு தமிழ்த் தினசரியில் துணை ஆசிரியராக இருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. நெசவாளர் தெருவில் உள்ள சிவன் கோயிலின் முன்மண்டபத்தில் வாக்குப்பெட்டிகளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பக்தர்கள் பக்கத்து வாசல் வழியாகப் போய்வருகிறார்கள். செய்தி அவ்வளவே. முதல் பக்கத்தில் எனக்குக் கிடைத்த இடமோ மூன்று விரல் அகலம். பக்கத்து வாசல் அதில் அடங்கவில்லை. வெட்டினேன். மிச்சமிருந்தது சப்பென்று இருந்ததால் தலைப்பில் காரம் சேர்த்தேன்: ‘காஞ்சியில் கோயிலுக்குப் பூட்டு! பக்தர்கள் கண்ணீர்!’

கண்ணீர் தந்தியில் இல்லை. அது என் கைச்சரக்கு.

மறுநாளிலிருந்து கடிதங்கள் குவிந்தன. பட்டர்வொர்த்தில் கண்டனக் கூட்டம் நடந்தது. ஈப்போவில் ஒருவர் மூன்று நாள் மௌனவிரதம் இருந்தார். நான்காம் நாள் அந்த மௌனத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“நேரிலேயே போய்ப் பார்த்து எழுது. பதினைந்து நாளாவது ஓடும்” என்றார்.

“எது, கோயில் பிரச்சினையா?”

“பத்திரிகை” என்றார்.

இந்தியா என் அப்பா பிறந்த நாடு. எனக்கு அது வெளிநாடு. அதுவரை ஒரு முறைகூடப் போனதில்லை. நான் பூட்டிய கோயிலைப் பார்க்கக் கிளம்பினேன்.

முதல் நாள், காஞ்சிபுரம் போகும் ரயில் வாலாஜாபாத்தில் நின்றது. நின்றது என்றால் அப்படியொரு நிற்றல். இஞ்சின் தண்ணீர் குடித்தது, டிரைவர் டீ குடித்தார், பிறகு இருவரும் இளைப்பாறினார்கள். வண்டியில் உமியின் வாசனை. அரிசி ஆலைகள் பக்கத்தில்தானாம். “பாலாறு எங்கே வரும்?” என்று எதிரே இருந்தவரைக் கேட்டேன். “தாண்டி வந்துட்டோமே சார். மணல் பாத்தீங்கல்ல, அதான்” என்றார். பினாங்கில் ஒரு மழைக்கு எங்கள் தெருச் சாக்கடையில் ஓடுகிற தண்ணீர் அதில் ஓடவில்லை. ஆனால் எங்கள் சாக்கடையைப் பற்றி இதுவரை யாரும் பாட்டு எழுதியதில்லை.

பக்கத்து இருக்கையில் இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கெடாவில் தெலுங்குக்காரர்களும் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குத் தெலுங்கு புரியும். அது அவர்களுக்குத் தெரியாது.

“பெட்டி எல்லாம் அந்தப் பாய் கை பட்டதுதானாம்.”

“எந்தப் பாய்?”

“பூட்டுக்கடை பாய். பெட்டிக்குள்ளே இன்னொரு பெட்டி வைத்திருக்கிறானாம். நாம் போடும் சீட்டு மேல்பெட்டியில் விழுமாம், எண்ணுவது கீழ்ப்பெட்டியையாம்.”

“அப்படியா?”

“கோயிலைப் பூட்டியதும் அவன் பூட்டுதான். வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது.”

வெளிநாட்டுப் பத்திரிகை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

லாட்ஜ் ராஜ வீதிக்கு அருகில். ராத்தங்க வந்தவனிடம் கேட்கவேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, மேனேஜர் நாயுடு என் முகவரியைப் படித்ததும் எழுந்து நின்றார். “பினாங்கா? எங்க ஊர்ல சாமி கும்பிட வுட மாட்டறாங்கன்னு பேப்பர்ல போட்டது நீங்கதானா?”

“எங்கள் பத்திரிகை” என்றேன். ‘எங்கள்’ என்ற சொல்லின் பின்னால் ஒரு மனிதன் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம்.

“நான்கூட இங்கதான் இருக்கறேன், எனக்கே தெரியல பாருங்க” என்றார் நாயுடு, உண்மையான வருத்தத்துடன். “தினம் அந்தக் கோயிலுக்குப் போய்க்கினுதான் இருக்கறேன்.”

மறுநாள் காலை காஞ்சிபுரம் இட்லி சாப்பிட்டேன். மந்தாரை இலை வைத்த கூடையில் வேகவைத்து, உருளையாக எடுத்து, வட்டம் வட்டமாக வெட்டித் தருகிறார்கள். முதல் துண்டில் மிளகு, இரண்டாவதில் சுக்கு, மூன்றாவதில் என் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் நான் பார்த்த முதல் கண்ணீர் என்னுடையது.

கோயிலுக்கு என்னை அழைத்துப் போனவர் ராஜமாணிக்கம். அந்தத் தந்தியை அனுப்பியவர் அவர்தான். வாடகை சைக்கிள் கடை நடத்திக்கொண்டு, நான்கு பத்திரிகைகளுக்குப் பகுதிநேர நிருபராகவும் இருந்தார். நாலும் ஒன்றையொன்று மறுக்கும் பத்திரிகைகள் என்பதால் அவருக்கு எப்போதும் வேலை இருந்தது. எனக்கென்று ஒரு சைக்கிள் தந்தார். அதற்கு பிரேக் இல்லை. இடது பெடலும் பாதிதான் இருந்தது. இரண்டு மாட்டு வண்டியையும் ஒரு வாழைப்பழக் கடையையும் தொட்டுவிட்டுக் கோயிலை அடைந்தேன்.

கோயில் திறந்திருந்தது.

மணி அடித்தது. ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் வெட்டியெறிந்த பக்கத்து வாசல் எட்டடி அகலத்தில் நின்றது. ஒரு யானை தாராளமாக நுழையலாம். என் மூன்று விரல் இடத்தில்தான் அது நுழைய மறுத்திருக்கிறது.

முன்மண்டபத்தின் கதவில் கனமான பூட்டு, அதன்மேல் அரக்கு முத்திரை, அதன்முன் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் மணியக்காரரிடம், “பெட்டி வருவதற்குமுன் இந்த மண்டபத்தில் என்ன வழிபாடு நடந்தது?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “ஒடஞ்ச பல்லக்கு ஒண்ணு இருந்தது சார். அப்புறம் எங்க ஆடு குட்டி போட்டுது.”

“பக்தர்கள் அழுதார்களாமே?”

“இன்னாத்துக்கு?”

அடக்குமுறை ஒன்று நடந்திருந்தது. அதை மறைக்கக் கூடாது. அந்தத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். நெய்வதற்குமுன் பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர்செய்யும் வேலை அது. துப்பாக்கிக்காரர் மண்டபத்துக்கு முன்னால் பாவு கூடாது என்றுவிட்டார். ஏகாம்பரம் என்ற நெசவாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எழுதுங்க சார். பாவை மடக்கி அடுத்த தெருவுக்குத் தூக்கினு போறோம். அங்க இருக்கறவன் எங்களைத் திட்டறான். எழை அறுந்துபோவுது. இதைக் கேக்க நாதி இல்ல.”

எழுதிக்கொண்டேன். பாவுக்காக பட்டர்வொர்த்தில் யாரும் கூட்டம் போடமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதிக்கொண்டேன்.

ராஜமாணிக்கம் என் முகத்தைப் பார்த்தார். “சார், கண்ணீர் அவசியம் வேணும்னா சொல்லுங்க. நாலு பேரை நிக்க வெச்சு போட்டோ எடுத்துடலாம். எனக்குத் தெரிஞ்ச நாடகக் கம்பெனி ஒண்ணு சும்மாதான் இருக்குது.”

வேண்டாம் என்றேன். பாயைப் பற்றிக் கேட்டேன். அவர் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. கதையை அவரே சொன்னார். பினாங்குவாசி ஒருவர் எங்கள் பத்திரிகையை இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பியிருக்கிறார். அதை உள்ளூர் வாரப் பத்திரிகை எடுத்து, ‘கடல் கடந்த தமிழர் கொதிப்பு’ என்று போட்டது. வெறும் கொதிப்பை வைத்து ஒரு பக்கத்தை நிரப்ப முடியாதல்லவா? அதனால் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்தார்கள்: ‘கோயிலைப் பூட்டிய பூட்டு யாருடையது?’ பூட்டு பாயிடம் வாங்கியது. அவ்வளவு போதுமாக இருந்தது.

“அந்தக் கேள்வியை எழுதியது யார்?” என்றேன்.

“அந்தப் பத்திரிகைக்கும் நான்தான் சார் நிருபர்” என்றார், சைக்கிள் செயினைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் பூட்டுக்கடைக்குப் போனேன். கபூர் பாய் என்று இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் அது இல்லை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், என் வயதுதான். ஒடுங்கிய கடை, சுவர் முழுக்கச் சாவிகள். ஆள் யாரும் இல்லை. பழுதுபார்க்கவேண்டிய பூட்டும் ஒன்றுகூட இல்லை. பாய் தன் கடையின் சொந்தப் பூட்டையே கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க. பெட்டிக்குள்ள பெட்டி பாக்க வந்தீங்களா?” என்றார். “நேத்து ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்க.”

பினாங்கு என்றதும் அவர் கை நின்றது. அப்புறம் மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் தாலுகா ஆபீஸ் பெட்டிகள் அவரிடம்தான் வரும். இடையில் சும்மா கிடந்து துருப்பிடித்திருக்கும். கீல் மாற்றி, எண்ணெய் விட்டு, மூடி சரியாக விழுகிறதா என்று பார்த்து அனுப்புவார். பதினைந்து வருடமாக நடக்கிற வேலை. பட்டுக்கடைகளின் இரும்பு அலமாரிகள், நெசவாளர் வீடுகளில் ஜரிகை வைக்கும் பெட்டிகள் எல்லாம் அவர் கைப் பூட்டுதான். வாரப் பத்திரிகை வந்த மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

“பால் ஊத்தறவரு நின்னுட்டாரு. கேட்டா மாடு கறக்கலைன்றாரு. அடுத்த வூட்டுக்குக் கறக்குது, எங்களுக்கு மட்டும் கறக்கல” என்றார். “ராத்திரி ஓட்டுமேல கல்லு வுழுந்துது. பொண்ணுக்கு நெத்தியில பட்டுச்சு. பெரிய காயம் இல்ல. வூட்ல சம்சாரமும் பசங்களும் வாலாஜாபாத்துக்கு அவங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டாங்க.”

“போலீசில் சொன்னீர்களா?”

“போலீசு எல்லாம் பெட்டிக்குக் காவல் இருக்குது சார்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வானிலை சொல்வதுபோல் சொன்னார். தலைப்பை எழுதியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் டீ வரவழைத்துவிட்டார். டீயைக் குடித்தேன். சொல்லவில்லை.

தந்தி ஆபீசுக்குப் போய் ஆசிரியருக்கு அடித்தேன்: கோயில் திறந்திருக்கிறது, பக்தர்களுக்குக் குறையில்லை, நம் செய்தியால் ஒரு முஸ்லிம் குடும்பம் கல்லடி படுகிறது, முழுக் கட்டுரை தொடர்கிறது. சாயங்காலமே பதில் வந்தது. ‘பாய் வேண்டாம். பக்தர்கள் எங்கே?’

அடுத்த நாள் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள். என்னாலானதை வாயால் செய்வது என்று தீர்மானித்து, நெசவாளர் தெருவின் டீக்கடையில் உட்கார்ந்தேன். இங்கே டீயைக் கெட்டிப்பால் ஊற்றாமல் போடுகிறார்கள். எங்கள் ஊர்க் கோப்பிக்கடைக்காரர் பார்த்தால் அழுதுவிடுவார். மெதுவாகப் பேச்சைத் திருப்பினேன்.

“கோயில் பூட்டவில்லையே, நீங்கள் தினமும் உள்ளே போகிறீர்களே” என்றேன்.

“போறோம்” என்றார் ஒருவர்.

“அப்படியென்றால் பத்திரிகையில் வந்தது தப்பு.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “உங்க வாயையும் கட்டிட்டாங்களா சார்?”

இன்னொருவர் எழுந்து வந்தார். ஐயம்பேட்டைக்காரர், பலராமன் என்று பெயர். அறுவடை முடிந்த கையோடு கட்சி வேலைக்கு வந்தவர். மறுநாள் அவர் ஊர்ச் சாவடியில் ஏஜண்டு. “பொய்யா இருந்தா பினாங்குல இருந்து ஒருத்தரு கடல் தாண்டி வருவாராபா?” என்று கூட்டத்தைக் கேட்டார். “இவர் வந்ததே சாட்சி. பெட்டிக்குள்ள பெட்டி வெக்கற பாய் கை பட்டது எங்க ஊருக்கு வேணாம்னு எழுதியே குடுத்திருக்கறேன்.”

“அந்தத் தலைப்பை எழுதியதே நான்தான்” என்றேன். கடைசியில் வந்தேவிட்டது. “கண்ணீர் என்பது என் கற்பனை.”

பலராமன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எழுதுனது நீங்களா! டேய், இவருக்கு ஒரு டீ போடுபா.”

அந்த டீயை நான் குடிக்கவில்லை. என் வாழ்க்கையில் உண்மை சொன்னதற்காக எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. அதுவும் அந்த உண்மையைப் பொய்யென்று நம்பித் தரப்பட்டது.

வாக்குப்பதிவு நாள் காலையில் ஜட்கா வைத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் குதிரை நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரர் கெஞ்சினார், திட்டினார், அதன் காதில் ஏதோ உருதுவில் சொன்னார். என்ன சொன்னீர் என்று கேட்டேன். “வோட்டுப் போடணும், சீக்கிரம் வான்னேன்” என்றார். குதிரைக்கு வோட்டு இல்லை போலும். கடைசி ஒரு மைலை நடந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே நீண்ட வரிசை. ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. நேரமாகியும் ஒருவரும் உள்ளே போகவில்லை. பெட்டி மக்கர் செய்துவிட்டது. காலியான பெட்டியைச் சாவடி அதிகாரி எல்லா ஏஜண்டுகளுக்கும் திறந்து காட்டியிருக்கிறார். காட்டிவிட்டு மூடியை இறக்கினால், சீட்டுப் போடும் துவாரத்தின் தகடு பாதியிலேயே நின்றுவிட்டது. மேலும் வரவில்லை, கீழும் போகவில்லை. மாற்றுப்பெட்டி கொண்டுவரப் போன ஜீப் பாலாற்று மணலில் இறங்கிச் சிக்கிக்கொண்டதாகத் தகவல் வந்தது.

வெயில் ஏறியது. வயலில் வேலை கிடக்கிறது என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். இன்னும் அரை மணியில் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் பலராமனின் வோட்டுகள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்து முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பதினோராவது முறை அதிகாரியின் முன் நின்றார்.

“அந்த பாயைத்தான் கூப்புடணும்.”

“நீங்கதானே அவர் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க?” என்றார் அதிகாரி.

“அது வேற காயிதம் சார்.”

போலீஸ் வண்டியில் கபூர் பாயை அழைத்து வந்தார்கள். இறங்கியபோது வரிசை முழுவதும் அவரையே பார்த்தது. யாரோ காறித் துப்பும் சத்தம் கேட்டது. பாய் பெட்டியைத் தொடவில்லை.

“உள்ள வெச்சு செய்ய மாட்டேன்” என்றார். “வெளிய, புங்க மரத்தடியில வெக்கணும். எல்லாரும் பாக்கணும்.”

அதிகாரியும் ஏஜண்டுகளும் குசுகுசுவென்று பேசி, சரி என்றார்கள். ஒரு பெஞ்சு வந்தது. மூடியைத் திறந்து பெட்டியை அதன்மேல் வைத்தார்கள். வரிசைகள் தாமாகவே வளைந்து மரத்தைச் சுற்றின.

“பலராமண்ணே, கையை உள்ள வுடுங்க” என்றார் பாய்.

“நான் எதுக்குபா?”

“பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி இருக்குதுன்னு சொன்னது நீங்கதானே. நல்லா அடிவரைக்கும் தடவிப் பாத்துட்டு, இன்னா இருக்குதுன்னு சொல்லுங்க.”

பலராமன் சுற்றிலும் பார்த்தார். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுத் தோள்வரை கையை விட்டார். தடவினார்.

“ஒண்ணுமில்ல.”

“அங்க பொம்பளைங்க வரிசைக்குக் கேக்கல.”

“ஒண்ணுமில்லபா!” என்று கத்தினார் பலராமன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

பாய் பெட்டியைச் சாய்த்து, மெல்லிய கம்பி ஒன்றைத் தகட்டுக்கு அடியில் செலுத்திச் சுரண்டினார். பெஞ்சின்மேல் மண் உதிர்ந்தது. இன்னும் சுரண்டினார். விரல் நீளத்துக்கு ஒரு மண்கூடு முழுதாக வந்து விழுந்தது.

“குளவி” என்றார். “நான் எண்ணெய் போட்டு அனுப்புனப்போ இது இல்ல. மண்டபத்துல வெச்சப்புறம் கட்டியிருக்குது.”

அரக்கு முத்திரை, கனத்த பூட்டு, துப்பாக்கி, வெளிநாட்டுப் பத்திரிகை, இத்தனை காவலையும் தாண்டி ஒரு குளவி பலமுறை போய்வந்து வீடு கட்டியிருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “அது எந்தக் கட்சிபா?”

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. தகட்டை மூன்று முறை திறந்து மூடிக் காட்டினார். கம்பியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அழைத்துவர வண்டி இருந்தது. திருப்பி அனுப்ப இல்லை.

நான் பின்னால் ஓடினேன். ரோட்டோரம் சேர்ந்து நடந்தோம். சொல்லிவிட்டேன்: தந்தியில் பக்கத்து வாசல் இருந்தது, நான் வெட்டினேன், கண்ணீரை நான் சேர்த்தேன், தலைப்பு என்னுடையது.

பாய் பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அதை எழுத எத்தினி நேரம் ஆச்சு?”

“இரண்டு நிமிடம்.”

“ஒரு பூட்டு செய்ய எனக்கு ரெண்டு நாளு ஆவும்” என்றார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பஸ் வந்தது; ஏறினோம். ஊர் நெருங்கும்போது, “நாளைக்கே எழுதிவிடுகிறேன் பாய். நடந்தது அத்தனையும், உங்கள் பெயரோடு, நீங்கள் செய்த காரியத்தோடு” என்றேன்.

“வேணாம் சார்.”

“நல்லதைத்தான் எழுதப்போகிறேன்.”

“நல்லதோ கெட்டதோ, என் பேரு பேப்பர்ல வந்தா வூட்டுமேல கல்லு வுழுவுது. உங்க தப்பை எழுதுறதுன்னா எழுதுங்க. என்னை வுட்டுடுங்க. எல்லாம் ஆறி வருசம் போனப்புறம், பேரை மாத்தி எழுதிக்கங்க.”

அடுத்த நாள் வாரப் பத்திரிகை சிறப்புப் பதிப்பு போட்டது. ‘வாக்குப்பெட்டிக்குள் மர்மப் பொருள்! கை விட்ட ஏஜண்டு யார்?’ பத்து மணிக்குள் பலராமன் லாட்ஜில் என் அறை வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

“என் மாமனாரே கேக்கறாரு சார், உள்ள இன்னா வெச்சேன்னு! ஊரே பாத்துக்கினு இருந்துதே, குளவிக்கூடுதானே அது!”

“ஊரேதான் கோயிலுக்கும் தினம் போய்க்கொண்டிருந்தது” என்றேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, “அந்தப் பொண்ணுக்கு நெத்தியில அடின்னாங்களே. நெசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

இருவருமாக அச்சகத்துக்குப் போனோம். அதன் முதலாளிதான் வாரப் பத்திரிகைக்கும் முதலாளி, ஆசிரியர் எல்லாம். மறுப்பெல்லாம் பத்திரிகையில் போடமுடியாது, வேண்டுமானால் துண்டுப் பிரசுரமாக அடித்துத் தருகிறேன் என்றார். ராஜமாணிக்கம் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கோயில் பூட்டப்படவில்லை, பக்கத்து வாசல் எப்போதும் திறந்திருந்தது, தந்தியில் அதை வெட்டியவன் நான், அழுததாக எழுதியவன் நான், இந்தப் பொய்யை நம்பி இந்த ஊரில் ஒரு குடும்பத்தின்மேல் கல்லெறிந்தார்கள், அந்தக் கல்லில் முதல் கை என்னுடையது. கீழே என் முழுப்பெயரையும் வேலையையும் போட்டேன். பலராமன் தன் பெயரில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார்: பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தவன் நான், உள்ளே ஒன்றுமில்லை.

ராஜமாணிக்கம் அதை எடுத்துப் படித்தார். சொல் சொல்லாகப் படித்தார். பிறகு கட்டுகளைத் தன் சைக்கிள்களில் வைத்துக் கட்டித் தெருத்தெருவாக அவரே கொண்டுபோனார். அவர் கையெழுத்து அதில் இல்லை. கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. அவர் அந்த ஊரிலேயே இருக்கவேண்டியவர்.

துண்டுப் பிரசுரம் எனக்கு முன்னால் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பியபோது என் மேஜையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டது பதினைந்து நாள் செய்தி, நான் கொடுத்ததோ ஒரு பக்கம். அந்த உத்தியோகம் போனதில் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு தலைப்பு.

ஆனால் அது பிறகு. காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பிய காலையில், பஸ் ஏறுமுன் பூட்டுக்கடைப் பக்கம் போனேன். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. பாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனவன், உள்ளே யாரோ இருப்பதைப் பார்த்துத் தள்ளி நின்றேன்.

நெசவாளர் தெருவைச் சேர்ந்த ஒரு பெண். முந்தானைக்குள்ளிருந்து ஜரிகைப் பெட்டியின் பூட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். “சாவி சுத்தவே மாட்டேன்னுது பாய்” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பாய் வாங்கிப் பார்த்து, “நாளன்னைக்கு வாம்மா” என்றார். அவள் வெளியே தலையை நீட்டி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவரோரமாக வேகமாகப் போனாள்.

நான் உள்ளே போனேன். பாய் பூட்டைப் பிரித்துவைத்து வேலையைத் தொடங்கியிருந்தார். பூட்டுக்காரர் கையில் ஒரு பூட்டு இருப்பது எவ்வளவு இயல்பான காட்சி என்று அப்போதுதான் தெரிந்தது.

“ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள்” என்றேன்.

“ஒருத்தி வந்துகீது” என்று திருத்தினார். பிறகு தலை நிமிராமலேயே சொன்னார்: “இன்னிக்கு ரெண்டு பக்கமும் பாத்துக்கினு போவுது. அடுத்த வாட்டி ஒரு பக்கம் பாத்தாப் போதும்னு தோணும் சார்.”